‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து?

பைத்தான் நிரல்மொழியிடம் ‘தமிழ்’ என்ற சொல்லைக் கொடுத்து அதன் நீளத்தைக் கேட்டால் 5 என்று விடை வரும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை 3 என்று சொல்லும். யுனிகோடில் அந்தச் சொல் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகளாகச் சேமிக்கப்படுவதால் வரும் வேறுபாடு இது. இதையாவது சேமிப்பின் கணக்கு என்று ஏற்றுக்கொள்ளலாம். ஒரு பத்தியிலிருந்து சொற்களைப் பிரித்தெடுக்க அதே மொழியோடு வரும் தேடல் தொகுதியைப் பயன்படுத்தினால், ‘தமிழ்’ என்ற ஒரே சொல் ‘தம’, ‘ழ’ என்று இரண்டு துண்டாக வெளியே வருகிறது. உயிர்க்குறியும் புள்ளியும் சொல்லின் உறுப்புகள் அல்ல என்பது அந்தத் தொகுதிக்குள் பொதிந்திருக்கும் முடிவு. ஆனால் அதே பைத்தான், 2008-இல் வெளிவந்த 3-ஆம் பதிப்பிலிருந்து, ‘தமிழ்’ என்பதை ஒரு மாறியின் பெயராக வைத்துக்கொள்ளத் தடையின்றி அனுமதிக்கிறது. ஒரே கருவியின் ஒரு பகுதி நம் எழுத்தை அறிந்திருக்கிறது. இன்னொரு பகுதி அறியவில்லை. அகரவரிசையின் கதியும் இதுதான். குறியெண் வரிசைப்படி அடுக்கினால் ‘ந’வுக்கு அடுத்து ‘ன’ வந்து நிற்கிறது; ‘அகம்’ முன்னேயும் ‘அக்கா’ பின்னேயும் போகின்றன. எந்தத் தமிழ் அகராதியும் சொற்களை அப்படி அடுக்குவதில்லை.

இவை யாரும் வேண்டுமென்று செய்த பிழைகள் அல்ல. கருவியைச் செய்தவர்களுக்குத் தெரிந்த எழுத்துமுறைகளில் எழுத்தும் குறியெண்ணும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தன. அந்த அனுபவம் கருவிக்குள் இறங்கிவிட்டது. நிரல்மொழி என்பது கணினிக்கு ஆணையிடும் வழி மட்டுமல்ல. எழுத்து எது, சொல் எது, வரிசை எது என்பவை பற்றிய ஏராளமான முடிவுகளின் தொகுப்பும் அது. அந்த முடிவுகளால் பாதிக்கப்படுகிறவரால் அவற்றைத் தம் கையால் மாற்ற முடியுமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. மாற்ற உரிமை வேண்டும் என்று கட்டற்ற மென்பொருள் இயக்கம் நாற்பது ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. அது சரியே. ஆனால் உரிமத்தில் எழுதிவைத்த சுதந்திரம் பாதி வழிதான். கருவியின் உள்ளமைப்பு கைவைக்க இடம் கொடுக்க வேண்டும். கைவைக்கத் தெரிந்தவர்கள் இருக்க வேண்டும். அவர்களுக்கு அதற்கான நேரமும் அனுமதியும் வேண்டும். தென்சென்னைப் புறநகர்களின் கடந்த இருபது ஆண்டு அனுபவத்தை வைத்துப் பார்த்தால், நமக்குக் கிடைத்திருப்பது எது, இன்னும் கிடைக்காதது எது என்பது தெளிவாகத் தெரிகிறது.

எழுத்தெண்ணிக்கைச் சிக்கலுக்குத் தமிழ்நாட்டில் இரண்டு மருந்துகள் முன்வைக்கப்பட்டன. ஒன்று, குறியேற்றத்தையே மாற்றுவது. ‘மி’, ‘ழ்’ போன்ற ஒவ்வோர் எழுத்துக்கும் தனிக் குறியெண் தரும் டேஸ்16 என்ற 16 பிட் குறியேற்றம் அப்படி உருவானது. 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டின்போது, யுனிகோடையும் டேஸ்16-ஐயும் தமிழக அரசு தரமாக அறிவித்தது. டேஸ்16-ஐ வடிவமைத்தவர்கள் நோயைச் சரியாகவே கண்டறிந்தார்கள்; நிரலாளர் படும் பாடு அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அந்தக் குறியேற்றம் யுனிகோடின் தனிப்பயன் பகுதியில் உட்கார்ந்திருக்கிறது. உலகின் உலாவிகளும் தேடுபொறிகளும் கைப்பேசிகளும் ஒத்துக்கொண்டால்தான் அது வாழ முடியும், அவை ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது மருந்து, குறியேற்றத்தை அப்படியே விட்டுவிட்டு அதைப் படிக்கும் கருவியைத் திருத்துவது. முத்து அண்ணாமலையும் தோழர்களும் பைத்தானில் எழுதிய ‘ஓப்பன் தமிழ்’ நிரல்தொகுதி இந்த வழியில் போனது. அதனிடம் ‘தமிழ்’ என்ற சொல்லைக் கொடுத்தால் த, மி, ழ் என்று மூன்றாகப் பிரித்துத் தருகிறது. இதைச் செய்ய எந்த அரசின் ஆணையும் தேவைப்படவில்லை. எந்தப் பன்னாட்டு அவையிடமும் மனுப் போட வேண்டியிருக்கவில்லை. பைத்தானின் உரிமமும், வெளியிலிருந்து ஒரு தொகுதியைச் சேர்க்க இடம் தரும் அதன் அமைப்பும் போதுமானவையாக இருந்தன. தேடல் தொகுதியின் குறைபாட்டுக்கும் இதே வகையில்தான் தீர்வு வந்தது. அதன் சொல் வரையறை யுனிகோடின் பரிந்துரைக்கு மாறாக இருக்கிறது என்று 2011-லேயே முறையிடப்பட்டும் மூலத் தொகுதியில் அது பல ஆண்டுகள் தீராமல் கிடந்தது; தனி ஒருவர் எழுதிய மாற்றுத் தொகுதி உயிர்க்குறிகளைச் சொல்லின் பகுதியாக ஏற்றுக்கொண்டது.

முத்து அண்ணாமலையின் இன்னொரு முயற்சியான ‘எழில்’ இன்னும் ஆழமாக வெட்டுகிறது. 2009-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்து, பின்னர் மூலநிரலோடு பொதுவில் வைக்கப்பட்ட தமிழ் நிரல்மொழி இது. ஆங்கிலக் குறிச்சொற்களுக்குப் பதில் தமிழ்ச் சொற்களைப் போடுவது எளிய வேலை. எந்த மாணவரும் ஒரு பிற்பகலில் செய்துவிடலாம். எழில் அதோடு நிற்கவில்லை. ஆங்கிலம் சார்ந்த மொழிகளில் நிபந்தனைச் சொல் முதலில் வரும், நிபந்தனை பின்னால் வரும். எழிலில் நிபந்தனை முதலில் வருகிறது, ‘ஆனால்’ பின்னால் வருகிறது. சுழற்சிக்கும் அப்படியே, நிபந்தனையைச் சொல்லிவிட்டு ‘வரை’ என்று முடிக்க வேண்டும். அதாவது தமிழ்த் தொடரின் நடையே நிரலின் இலக்கணமாகிறது. தொழிற்சாலை அளவில் யாரும் எழிலில் மென்பொருள் எழுதவில்லை என்பது உண்மை. அதை வைத்து இம்முயற்சியை எடைபோடுவது தவறு. ஒரு மொழியின் தொடரமைப்பு வரைக்கும் நிரலாளர் கைவைக்க முடியும், அதற்குப் பெரிய நிறுவனம் தேவையில்லை என்பதை அது மெய்ப்பித்தது. தமிழ் மட்டும் தெரிந்த பிள்ளைக்கு நிரலாக்கத்தின் தர்க்கத்தைக் கற்பிக்கும் வாசலையும் அது திறந்தது.

உரிமம் இருந்தும் உள்ளமைப்பு இடம் கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலக அளவில் ஒரு சான்று உண்டு. நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் கருவி கம்பைலர். ரிச்சர்டு ஸ்டால்மன் 1987-இல் வெளியிட்ட ஜிசிசி கம்பைலர் கட்டற்ற மென்பொருளின் முதன்மைப் படைப்புகளுள் ஒன்று. எவரும் அதன் மூலநிரலைப் படிக்கலாம், மாற்றலாம், பரப்பலாம். ஆயினும் கம்பைலரின் நடுவில் நடக்கும் வேலையை வெளியில் உள்ள வேறு நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும்படி அதைத் திறந்துவைக்க ஸ்டால்மன் நெடுங்காலம் மறுத்தார். அப்படித் திறந்தால் தனியுடைமை நிறுவனங்கள் முன்பாதியை இலவசமாக எடுத்துக்கொண்டு, பின்பாதியை மூடிய நிரலாக ஒட்டிவிடும் என்பது அவர் அச்சம். அச்சத்தில் நியாயம் இருந்தது. ஆனால் விலை பெரிதாக இருந்தது: ஒரு சிறு சோதனையைச் சேர்க்க விரும்பியவர்கூட முழுக் கம்பைலரையும் கரைத்துக் குடிக்க வேண்டியிருந்தது. 2009-இல் உரிமத்தில் ஒரு விலக்கைத் திருத்தி எழுதி, 2010-இல் வந்த 4.5 பதிப்பில்தான் இணைப்பு நிரல்களுக்கு வழி திறந்தார்கள். அதற்குள் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 2000-இல் தொடங்கிய எல்எல்விஎம் என்ற கம்பைலர் திட்டம், ஆரம்பத்திலிருந்தே தனித்தனிப் பகுதிகளாகக் கட்டப்பட்டதால், புதிய மொழி செய்வோரின் இயல்பான தேர்வாகிவிட்டது. ஸ்விஃப்டும் ரஸ்டும் அதன் மேல்தான் நிற்கின்றன. இதற்கு எதிர்ப்புறத்தில் ஈமாக்ஸ் இருக்கிறது. அதே ஸ்டால்மன் எழுதிய பதிப்பானின் பெரும்பகுதி லிஸ்ப் மொழியில் இருப்பதால், ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை மாற்றலாம். அந்த வசதியைக் கொண்டு ஜப்பானிய நிரலாளர்கள் அதைப் பன்மொழிப் பதிப்பானாக்கினார்கள். 1997-இல் அந்த வேலை மூலப் பதிப்பிலேயே சேர்ந்தது. பின்னர் தமிழ் உள்ளீட்டுக்கும் அவர்களே அடித்தளம் இட்டார்கள். தமிழுக்குக் கிடைத்த கொடை அது. கருவி கைக்கு எட்டும்படி இருந்ததால் கிடைத்தது.

இனி நம் பகுதிக்கு வருவோம். ஜிஎஸ்டி சாலையில், இன்று தாம்பரம் மாநகராட்சிக்குள் வரும் குரோம்பேட்டையில், 1949-இல் தொடங்கப்பட்டு இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் பகுதியாக உள்ள எம்ஐடி வளாகம் இருக்கிறது. அந்த வளாகத்தின் ஏயு-கேபிசி ஆய்வு மையத்தில்தான் மத்திய அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை 2005-இல் கட்டற்ற, திறந்த மூல மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை அமைத்தது. சென்னை சிடாக் நிறுவனம் அதில் பங்காளி. டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு இந்திய மொழிகளுக்கான வசதிகளைச் சேர்த்து சிடாக் உருவாக்கிய பாஸ் இயங்குதளம் 2007-இல் வெளிவந்தது. குரோம்பேட்டை மையத்தின் வேலை வேறு வகையானது: கல்லூரி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவது, பாடத்திட்டத்தில் கட்டற்ற மென்பொருளை நுழைப்பது. பின்னாளில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கணினிப் பொறியியல் பாடத்திட்டத்தில் திறந்த மூல மென்பொருளுக்கெனத் தனி ஆய்வகமே இடம்பெற்றது. லினக்ஸ் கருநிரலை மாணவர் தாமே கட்டமைத்து நிறுவும் பயிற்சி அதில் இருந்தது. இது சிறிய சாதனை அல்ல. புறநகரின் ஒரு வளாகத்தில் தொடங்கிய முயற்சி, மாநிலம் முழுவதும் உள்ள பொறியியல் கல்லூரிகளைத் தொட்டது.

ஆனால் அந்தப் பயிற்சி நின்ற இடத்தைக் கவனிக்க வேண்டும். கருநிரலைத் தொகுத்து நிறுவுவது, பிறர் செய்த பொருளைத் தானே கூட்டிப் பார்ப்பது. அதன் ஒரு வரியை மாற்றி, மாற்றம் ஏன் தேவை என்று வாதாடி, மூலத் திட்டத்தில் சேர்க்க வைப்பது அடுத்த படி. அந்தப் படியில் நம் கல்லூரிகள் ஏறவில்லை. கம்பைலர் வடிவமைப்பு என்ற பாடம் எல்லாக் கணினிப் பொறியியல் மாணவருக்கும் உண்டு. 1970-களில் பெல் ஆய்வகத்தில் உருவான லெக்ஸ், யாக் ஆகிய கருவிகளைக் கொண்டு ஒரு சிறு கணக்கிடும் நிரல் எழுதுவதோடு அதன் ஆய்வகப் பகுதி பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. வண்டலூரிலிருந்து சிறுசேரி வரை பரவிக் கிடக்கும் கல்லூரிகளில் படித்து வெளிவரும் ஒரு மாணவரால், நாள்தோறும் பயன்படுத்தும் பைத்தானின் மூலநிரலை ஒருமுறைகூடத் திறந்து பார்க்காமலே பட்டம் பெற்றுவிட முடிகிறது. பம்பாய் ஐஐடியில் உதய் கேட்கர் வழிநடத்திய ஜிசிசி வள மையம், உண்மையான கம்பைலரின் உள்ளுறுப்புகளைப் பிரித்துக் காட்டும் பயிலரங்குகளை நடத்தியது. அத்தகைய பாடத்துக்கு இங்கே தேவை அதிகம். ஏனென்றால் படித்தவர்கள் வேலைக்குப் போகும் இடங்களும் இங்கேயே இருக்கின்றன: 1984-இல் தாம்பரம் சானடோரியத்தில் தொடங்கிய மெப்ஸ் ஏற்றுமதி வளாகம், 2000-இல் திறந்த தரமணி டைடல் பூங்கா, பழைய மாமல்லபுரம் சாலை நெடுக நிற்கும் கட்டடங்கள்.

அந்தக் கட்டடங்களுக்குள் போனதும் இன்னொரு சுவர் எதிர்ப்படுகிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவின்படி, வேறு உடன்பாடு இல்லாதவரை, பணியின் பகுதியாக ஊழியர் எழுதும் படைப்பின் முதல் உரிமையாளர் பணி தருபவரே. நிரலும் அதில் அடங்கும். அலுவலக வேலைக்காகப் பைத்தான் தொகுதியில் தமிழ் வரிசைப் பிழையைத் திருத்திய ஒருவர், அத்திருத்தத்தை உலகுக்குக் கொடுக்க வேண்டுமானால் நிறுவனத்தின் சம்மதம் வேண்டும். மூலநிரலின் உரிமம் அவருக்குத் தந்த சுதந்திரத்தை வேலை ஒப்பந்தம் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்கிறது. மூடிய மென்பொருளின் நிலை இன்னும் குறுகலானது. அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு, சட்டப்படி நிரலை வைத்திருப்பவர் அதன் இயக்கத்தைக் கவனித்து அடிப்படைக் கருத்துகளை ஆராயவும், வேறு நிரலோடு இணைந்து இயங்கத் தேவையான தகவலைப் பெறவும் இடம் தருகிறது. ஆராயலாம், ஆனால் மூலநிரலைக் கேட்டுப் பெறவோ திருத்தி வெளியிடவோ அந்தப் பிரிவு உரிமை தரவில்லை.

எல்லோரும் மாற்றத் தொடங்கினால் ஆளுக்கொரு மொழியாகச் சிதறிப்போகும், ஒருவர் எழுதியது மற்றவருக்குப் புரியாது என்பது இதற்கு எதிராகச் சொல்லப்படும் வலுவான வாதம். லிஸ்ப் மொழி பல கிளைகளாகப் பிரிந்த வரலாற்றிலிருந்து இதற்குச் சான்று காட்டுவார்கள். அந்தச் சான்றைப் புறந்தள்ள முடியாது. ஆனால் சிதறலின் கொடுமையைத் தமிழைவிட நன்கு அறிந்த மொழிகள் குறைவு. 1990-களில் ஒவ்வொரு எழுத்துரு நிறுவனத்துக்கும் ஒரு குறியேற்றம் இருந்தது. ஒரு பத்திரிகை அலுவலகத்தின் கோப்பு அடுத்த தெருவிலிருக்கும் அச்சகத்தில் திறக்காது. எட்டு பிட்டுக்குள் தமிழை அடைக்க வேண்டிய இடநெருக்கடி அதற்கு ஒரு காரணம். அவரவர் கருவியை அவரவர் மூடி வைத்துக்கொண்டு, பொதுவில் திருத்த எதையும் வைக்காதது இன்னொரு காரணம். அந்தச் சிதறலுக்கு எதிராக எழுந்த டிஸ்கி குறியேற்றம், பல நாடுகளிலிருந்த தமிழ்த் தன்னார்வலர்கள் வெளிப்படையாக விவாதித்து உண்டாக்கியது. மாற்றும் உரிமை மட்டும் ஒரு மொழியைச் சிதறடிப்பதில்லை. மாற்றியதைத் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கும் பொதுக்களம் இல்லாதபோதுதான் சிதறல் வருகிறது. ஓப்பன் தமிழ் பைத்தானை இரண்டாக உடைக்கவில்லை. அதன் மேல் ஒரு தொகுதியாக அமர்ந்தது.

பாதுகாப்பைக் காட்டி மறுப்பவர்களும் உண்டு. கம்பைலருக்குள்ளேயே கள்ளக் கதவு ஒன்றை ஒளித்துவைத்து, மூலநிரலில் அதன் தடயமே இல்லாமல் செய்ய முடியும் என்று கென் தாம்சன் 1984-இல் டூரிங் விருது உரையில் காட்டினார். கண்டவர் கைவைத்த கம்பைலரை ஒரு வங்கியின் மென்பொருளுக்கு எப்படி நம்புவது என்று கேட்பது நியாயம்தான். ஆனால் அந்த நோய்க்குக் கண்டறியப்பட்ட சோதனையைப் பாருங்கள். ஐயத்துக்குரிய கம்பைலரின் மூலநிரலை வேறொரு கம்பைலரால் தொகுத்து, விளைவுகளை ஒப்பிட வேண்டும் என்று டேவிட் வீலர் 2009-இல் தம் முனைவர் ஆய்வில் நிறுவினார். மூலநிரலும் இரண்டாவது கம்பைலரும் கையில் இல்லாதவரால் இந்தச் சோதனையைச் செய்யவே முடியாது. நிறுவனங்கள் தம் கணினிகளில் எது ஓடலாம் என்று கட்டுப்படுத்துவதில் தவறில்லை. திருத்தத்தைப் பரிசீலித்து ஏற்கும் ஒழுங்கான வழியே இல்லாமல், எல்லாவற்றையும் பூட்டிவைப்பதுதான் தவறு.

நூற்றில் ஒருவர்கூடக் கம்பைலரைத் திறக்கமாட்டார், பிறகெதற்கு இவ்வளவு பேச்சு என்று கேட்கலாம். அந்த ஒருவர் போதும் என்பதே விடை. தமிழ் நூலை டெக் மென்பொருளில் அச்சுக்கோக்கும்போது, வரி ஓரத்தில் நீண்ட சொற்கள் சரியான இடத்தில் உடைவதற்கான விதிகளை எழுதியவர் சந்தோஷ் தோட்டிங்கல், மலையாளக் கணிமைக்காக உழைக்கும் ஒரு மலையாளி. தம் மொழிக்குச் செய்த வேலையைத் தமிழுக்கும் பிற இந்திய மொழிகளுக்கும் நீட்டித்தார். டெக்கை உருவாக்கிய டொனால்டு க்னூத் அதன் மூலநிரலைத் திறந்து வைத்திருந்தார். மொழி விதிகளைத் தனிக் கோப்பாகச் சேர்க்கும்படி அதன் அமைப்பும் இருந்தது. சந்தோஷின் பெயரை அறியாமலே தமிழ்ப் பதிப்பாளர்கள் பயன் பெறுகிறார்கள். இலங்கையின் சர்வேஸ்வரன் உருவாக்கிய ‘தமிழி மார்ஃப்’ என்ற உருபனியல் பகுப்பானும் இப்படி வந்ததே. ஜெராக்ஸ் நிறுவனம் மூடிவைத்திருந்த விதிநிரல் கருவிக்கு மாற்றாக எழுதப்பட்ட ‘ஃபோமா’ கட்டற்றதாக இருந்ததால், அதன் மேல் தமிழ் வினைத்திரிபுகளை அவரால் விதிகளாக எழுதிப் பொதுவில் வைக்க முடிந்தது.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்ட பிறகு இந்த உரிமைக்குத் தேவை குறைந்துவிட்டது என்ற பேச்சையும் கேட்கிறோம். நிலைமை நேர்மாறானது. மொழி மாதிரிகள் உரையைச் சிறு துண்டுகளாக வெட்டியே படிக்கின்றன; வெட்டும் அளவு, பயிற்சியில் எந்த மொழி மிகுந்திருந்ததோ அதற்கேற்ப அமைகிறது. யுனிகோடின் வழக்கமான சேமிப்பு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் ஆவதால், ‘தமிழ்’ என்ற சொல்லுக்கே 15 பைட் தேவை. தமிழ் துண்டு துண்டாகச் சிதறும்போது செலவு கூடுகிறது, ஒரே நேரத்தில் படிக்கக்கூடிய உரையின் அளவு குறைகிறது. 2023-இல் அபினந்த் பாலச்சந்திரன் லாமா 2 மாதிரியை எடுத்து, அதன் 32,000 துண்டுகள் கொண்ட சொற்பட்டியலில் ஏறக்குறைய 16,000 தமிழ்த் துண்டுகளைச் சேர்த்துத் ‘தமிழ் லாமா’வை உருவாக்கினார். மாதிரியின் எடைகள் வெளியிடப்பட்டிருந்ததால் முடிந்த வேலை இது. லாமாவின் உரிமம் முழுமையான கட்டற்ற உரிமம் அல்ல. பயன்பாட்டுக்கு வரம்புகள் உண்டு. அந்த அரைத் திறப்பே இவ்வளவுக்கு உதவியது என்றால், இணையம் வழியாக மட்டும் வாடகைக்குக் கிடைக்கும் மாதிரிகளில் தமிழ் எப்படி வெட்டப்படுகிறது என்பதை மாற்ற நமக்கு வழியே இல்லை என்பதையும் உணர வேண்டும்.

ஆகவே கேட்க வேண்டியவை மூன்று இடங்களில் இருக்கின்றன. அண்ணா பல்கலைக்கழகம், கம்பைலர் ஆய்வகத்தின் கடைசிப் பயிற்சியாக, உலகம் பயன்படுத்தும் ஒரு மொழிக்கருவியில் தமிழ் தொடர்பான ஒரு குறையைக் கண்டு, திருத்தி, மூலத் திட்டத்துக்கு அனுப்புவதை வைக்கலாம். திருத்தம் ஏற்கப்படாவிட்டாலும் மாணவர் கற்றது வீணாகாது. அதை முதலில் நடத்திக் காட்டும் தகுதி குரோம்பேட்டை வளாகத்துக்கு இருக்கிறது. மெப்ஸிலும் பழைய மாமல்லபுரம் சாலையிலும் உள்ள நிறுவனங்கள், கட்டற்ற கருவிகளுக்கு ஊழியர் செய்யும் திருத்தங்களை வெளியிட முன்கூட்டியே இசைவு தரும் ஒரு பத்தியைப் பணி ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும். அந்தக் கருவிகளால் ஈட்டும் வருவாய்க்கு இது மிகச் சிறிய கைமாறு. தமிழக அரசு, தான் வாங்கும் ஒவ்வொரு தமிழ் மென்பொருளுக்கும் மூலநிரலையும் திருத்தும் உரிமையையும் ஒப்பந்த நிபந்தனையாக்க வேண்டும். தமிழ்நாட்டின் வரிப்பணத்தில் உருவாகும் தமிழ்க் கருவி, தமிழ்நாட்டு மாணவர் திறந்து பார்க்க முடியாததாக இனியும் இருக்கக் கூடாது.